கேட்பது குற்றமன்று



நம் பங்குகளின் கல்லறைத் தோட்டங்களுக்குச் செல்வோர் அங்கே ஒரு சிறு செடியைக் கண்டிருப்பர். நீர் ஊற்றுவாரும் எருவிடுவாரும் இன்றி, சித்திரை வெயிலிலும் வாடாமல், ஐந்து இதழ்களோடு வெண்மையாகவும் இளஞ்சிவப்பாகவும் பூத்துக் கிடக்கும். நித்திய கல்யாணி என்பது அதன் மங்கலமான பெயர். சுடுகாட்டு மல்லி என்பது மக்கள் அதற்கு இட்ட மற்றொரு பெயர். வாழ்வின் பெயரும் சாவின் பெயரும் ஒரே செடிக்கு வாய்த்திருப்பது வியப்பே. அச்செடியிலிருந்து எடுக்கப்படும் ஒரு மருந்துக்கும் இவ்விரு பெயர்களும் பொருந்தும். வின்கிரிஸ்டின் என்னும் அம்மருந்தைப் பற்றியும், இரத்தப் புற்றுநோய்க்காக அதைப் பெறும் குழந்தைகளின் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை பற்றியும் இத்திங்கள் எழுத விரும்புகிறேன்.

இதை எழுதத் தூண்டியது ஓர் உரையாடல். நோயுற்றோரைக் காண்பதற்காகக் கோவை மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றிருந்தபோது, காங்கயம் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த ஒரு தந்தையைச் சந்தித்தேன். ஏழு வயது மகனுக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. “என்ன மருந்து என்று கேட்டீர்களா?” என்றேன். “அவங்க படிச்சவங்க சாமி. நாம போயிக் கேட்டாத் தப்பா நெனச்சுக்குவாங்களோன்னு கேக்கலீங்க” என்றார். பெரியோரை மதிக்கும் நம் கொங்கு நாட்டுப் பண்பு அந்த விடையில் இருந்தது. ஆயினும் மருந்தைப் பொறுத்தவரை இப்பண்பு ஓர் எல்லையோடு நிற்க வேண்டும். ஏன் என்பதை விளக்குகிறேன்.

நித்திய கல்யாணியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. அங்கிருந்து வெப்ப நாடுகள் எங்கும் பரவி, இன்று தமிழகத்தின் தென் மாவட்டங்களில் மருந்துப் பயிராகவே விளைவிக்கப்படுகிறது. 1952ஆம் ஆண்டு ஜமைக்காத் தீவிலிருந்து இச்செடியின் இலைகள் ஓர் உறையில் இடப்பட்டுக் கனடா நாட்டுக்கு வந்தன. அத்தீவின் மக்கள் இவ்விலைகளைக் கொதிக்கவைத்துச் சர்க்கரை நோய்க்காகக் குடித்துவந்தனர். அது உண்மையில் பயன் தருமா என்று ராபர்ட் நோபிள் என்னும் ஆய்வாளர் எலிகளிடம் சோதித்தார். வாய்வழி கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசிவழி செலுத்தியபோதோ எலிகள் நோய்த்தொற்றுக்கு ஆளாகி மாண்டன. அவற்றின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன.

தோல்வி என்று ஒதுக்கத்தக்க இதிலிருந்துதான் நோபிளும் அவருடைய தோழர் சார்லஸ் பீரும் ஒரு பெரும் வினாவை எழுப்பினர். வெள்ளணுக்களை அழிக்கும் பொருள், அவை கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகலாம் அன்றோ? 1958ஆம் ஆண்டு வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்த செய்தி வெளியாயிற்று. அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டினை அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தார் கண்டறிந்தனர். 1963இல் அது அங்கே மருந்தாக ஏற்கப்பட்டது. நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலையைப் பக்குவப்படுத்தினாலும் ஒரு கிராம் அளவே தேறும் என்பர். ஆதலின் வீட்டு முற்றத்துச் செடியைப் பறித்துக் கஷாயம் வைப்பது மருந்தாகாது. அதில் கலந்துள்ள வேறு பல நச்சுப்பொருள்களே உடலுக்குள் சேரும்.

இம்மருந்து எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஆலைத் தொழிலாளர் நிறைந்த நம் ஊராருக்கு எளிதில் விளக்கலாம். ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, அதனுள் மெல்லிய இழைகள் கதிர்போல அமைந்து, மரபுப் பொருளை இருபுறமும் இழுத்துப் பங்கிடுகின்றன. அறிவியலாரும் அதைக் கதிர் என்றே அழைக்கின்றனர். வின்கிரிஸ்டின் அக்கதிரைக் கட்ட விடுவதில்லை. கதிர் ஓடாத ஆலையில் நூல் ஏது? பெருக வழியின்றிப் புற்றணு மடிகிறது. ஆனால் அதே வகையான இழைகள் நம் நரம்புகளுக்குள்ளும் உள்ளன. நரம்பின் நெடுந்தூரத்துக்கு உணவையும் தேவையான பொருள்களையும் கொண்டு செல்லும் பாதை அவையே. ஆகையால் இம்மருந்து நரம்புகளையும் ஓரளவு தாக்கும். இரத்தக் குழாயின் வழியே குறித்த அளவில் செல்லும்போது அத்தாக்குதல் பொறுக்கத்தக்கது. பெரும்பாலும் நாளடைவில் தீரக்கூடியது. அதுவே மூளையையும் முதுகுத் தண்டையும் சூழ்ந்துள்ள நீருக்குள் நேரே செலுத்தப்பட்டால், உயிர் பிழைப்பது மிகமிக அரிது.

அந்நீருக்குள் மருந்து செலுத்த வேண்டிய தேவை எங்கே வந்தது என்று கேட்பீர்கள். இங்கேதான் இரண்டாவது மருந்து வருகிறது. இரத்தத்தில் செலுத்தப்படும் பல மருந்துகள் மூளையைச் சூழ்ந்த நீரை எட்டுவதில்லை. புற்றணுக்கள் அங்கே ஒளிந்திருந்து, பின்னொருநாள் நோயை மீண்டும் கொண்டுவரும். ஆதலின் இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்புகளின் இடையே மெல்லிய ஊசியை இட்டு, மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தை அந்நீரில் செலுத்துகின்றனர். அம்மருந்துக் குடும்பத்தின் வரலாற்றிலும் நமக்குப் பெருமை உண்டு. பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுவினர்தாம் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் இவ்வகை மருந்துகளை உருவாக்கினர். அவர்கள் அளித்த அமினோப்டெரினைக் கொண்டு பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை முதன்முறையாகத் தற்காலிகமாகவேனும் தணித்துக் காட்டினார். அச்செய்தி வெளிவந்த 1948ஆம் ஆண்டிலேயே சுப்பாராவ் காலமானார்.

ஆக, மருந்து இரண்டு, வாயிலும் இரண்டு. வின்கிரிஸ்டினுக்கு இரத்தக் குழாய் ஒன்றே வாயில். மெத்தோட்ரெக்சேட்டுக்கு முதுகின் வழியும் உண்டு. ஒரே குழந்தைக்கு, ஒரே மருத்துவமனையில், சில வேளைகளில் ஒரே நாளில் இவ்விரண்டும் தேவைப்படும். இரண்டும் ஒரே தோற்றமுள்ள ஊசிக்குழல்களில் ஒரே தட்டில் வந்து சேர்ந்தால், கை மாறுவதற்கு ஒரு நொடி போதும்.

கை மாறியதும் உண்டு. 2001ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் 18 வயது இளைஞன் ஒருவனுக்கு இது நேர்ந்தது. அவனுடைய இரத்தப் புற்றுநோய் அடங்கியிருந்தது. எஞ்சிய சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. முதுகில் செலுத்த வேண்டிய மருந்தோடு, இரத்தக் குழாயில் செலுத்த வேண்டிய வின்கிரிஸ்டினும் ஒன்றாக வந்து சேர்ந்தது. ஊசியை இட்ட இளைய மருத்துவர், மருந்தின் பெயரைக் கண்டு, “வின்கிரிஸ்டினா?” என்று கேட்டார். மூத்தவர் ஆம் என்றார். “முதுகிலா?” என்று மறுபடியும் கேட்டார். அதற்கும் ஆம் என்றே விடை வந்தது. மூத்தவரை எதிர்த்துப் பேசத் தயங்கி அவர் மருந்தைச் செலுத்தினார். பிப்ரவரி 2ஆம் நாள் அவ்விளைஞன் இறந்தான்.

இதை விசாரித்த பேராசிரியர் பிரையன் டாஃப்ட், தனி ஒருவர் தலையில் பழியைச் சுமத்தி முடித்துவிடவில்லை. மனிதர் செய்த பிழைகளோடு மருத்துவமனையின் நடைமுறைக் குறைகளும் சேர்ந்தே அச்சாவுக்கு வழிவகுத்தன என்று காட்டினார். எனக்கோ அந்த இரு வினாக்கள் மனத்தை விட்டு அகலவில்லை. சரியான வினா அவ்வறையில் எழுந்தது, இருமுறை எழுந்தது. அதை மூன்றாம் முறை கேட்டு, “நிறுத்துங்கள், தாளைப் பார்த்துவிட்டுச் செய்வோம்” என்று சொல்லும் துணிவு மட்டும் எழவில்லை. மருத்துவம் கற்ற ஒருவரே தம் மூத்தவரிடம் அஞ்சினார் என்றால், நம் தோட்டத்திலும் பனியன் கம்பெனியிலும் உழைக்கும் ஒரு தந்தை அஞ்சுவதில் வியப்பில்லை.

2007ஆம் ஆண்டு ஹாங்காங்கில் ஓர் இளம்பெண் இவ்வாறே உயிரிழந்ததும், உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளுக்கும் எச்சரிக்கை விடுத்தது. 1968 முதல் அதுவரை உலகின் பல பகுதிகளிலிருந்து இப்பிழை 55 முறை அறிவிக்கப்பட்டிருப்பதாக அந்நிறுவனம் கூறியது. அது காட்டிய தீர்வு மிக எளியது. வின்கிரிஸ்டினை ஊசிக்குழலில் நிரப்பவே வேண்டாம். சிறிய உப்புநீர்ப் பையில் கலந்து, சில நிமிடங்களில் இரத்தக் குழாயில் இறங்கும்படி சொட்டவிடுங்கள் என்பதே அது. தொங்கும் பையை எவரும் முதுகில் செலுத்த முற்படார் அன்றோ? 2016இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவமனைகளின் கூட்டமைப்பும் இதையே வலியுறுத்தி ஓர் இயக்கம் நடத்தியது. மனிதரின் நினைவை மட்டும் நம்பாமல், பிழை செய்ய இயலாதவாறு பொருளையே மாற்றி அமைப்பது அறிவுடைமை.

இதைப் படித்துவிட்டு எந்தப் பெற்றோரும் மருந்தே வேண்டாம் என்று அஞ்சி ஓடிவிடலாகாது. உலகெங்கும் எண்ணற்ற முறை இம்மருந்து பிழையின்றிச் செலுத்தப்படுகிறது. இப்பிழை அரிதினும் அரிது. மருந்தை மறுத்தாலோ, இந்நோயில் சாவு ஏறத்தாழ உறுதி. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய புற்றுநோய் நிலையம், மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை, டெல்லியின் அகில இந்திய மருத்துவக் கழகம் ஆகிய மூன்றும் 1980களில் ஒரே சிகிச்சைத் திட்டத்தைக் கைக்கொண்டு, நம் நாட்டுக் குழந்தைகளும் பெருமளவில் பிழைக்கக்கூடும் என்று காட்டின. அத்திட்டத்திலும் வின்கிரிஸ்டின் இடம்பெற்றிருந்தது. அஞ்சி விலகுவதால் பயனில்லை. அறிந்து உடன் நிற்பதே குழந்தைக்கு உதவும்.

அவ்வாறு உடன் நிற்போர் கேட்க வேண்டியவற்றை இனிச் சொல்கிறேன். ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் எடுத்துச் செல்லுங்கள்.

முதலாவது, “இன்று என்ன மருந்து? எந்த வழியாக?” என்று கேளுங்கள். இங்கே நம் பேச்சு வழக்கில் ஒரு கண்ணி உண்டு. இரத்தக் குழாயில் இடும் ஊசியை நாம் ‘நரம்பு ஊசி’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். மருத்துவ நூல்களில் நரம்பு என்பது முற்றிலும் வேறு. இந்த மருந்தைப் பற்றிப் பேசும்போது மட்டுமேனும் ‘இரத்தக் குழாய்’ என்றும் ‘முதுகு’ என்றும் தெளிவாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது, முதுகில் ஊசி இடும் நாளாயின், “வின்கிரிஸ்டினும் இன்று உண்டா? அது எப்போது, எங்கே?” என்று கேளுங்கள். முதுகில் ஊசி இடும் அறைக்குள் வின்கிரிஸ்டின் வரவே கூடாது என்பது நல்ல மருத்துவமனைகளின் நெறி. இரண்டையும் வெவ்வேறு நாள்களில் வைப்போரும் உண்டு. மருந்து பையில் வருமா, ஊசிக்குழலில் வருமா என்பதையும் கேட்டறியுங்கள்.

மூன்றாவது, பெயரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மருந்தின் அளவு குழந்தையின் உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமுக்கு மேற்படாதிருப்பது பொதுவான வரம்பு. அண்மையில் எடுத்த எடையும் உயரமும் உங்கள் குறிப்பேட்டிலும் இருக்கட்டும்.

நான்காவது, மருந்து ஏறும்போது ஊசி இட்ட இடத்தில் எரிச்சலோ வலியோ வீக்கமோ தோன்றினால் அந்நொடியே செவிலியரை அழையுங்கள். குழாயை விட்டு வெளியே கசிந்தால் இம்மருந்து சதையைப் புண்ணாக்கும். “கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு” என்று குழந்தையைத் தேற்றுவது நம் வழக்கம். இங்கே பொறுமை தீங்காகும். வலித்தால் உடனே சொல்லும்படி குழந்தைக்கு முன்கூட்டியே கற்பியுங்கள். நீங்களாகவே பனிக்கட்டியோ தைலமோ வைக்க வேண்டாம். சில மருந்துகளின் கசிவுக்குக் குளிர்ச்சி வேண்டும், இதற்கோ இளஞ்சூடே உரியது. அதை மருத்துவர் செய்வார்.

வீடு திரும்பிய பின்னும் கவனம் தேவை. இம்மருந்து குடலின் நரம்புகளையும் மந்தமாக்குவதால் மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். மருத்துவரிடம் சொன்னால் அதற்குரிய மருந்தைத் தருவார். எனிமா கொடுப்பதையும், ஆசனவாயில் மருந்து வைப்பதையும் வீட்டில் செய்யவே கூடாது. வெள்ளணு குறைந்த உடலில் ஒரு சிறு கீறலும் தொற்றுக்கு வழியாகும். விரல் மரத்தல், தாடை வலி, கண்ணிமை தொங்கல், குரல் கம்முதல், பாதம் தொங்கி நடை தடுமாறல் ஆகியவற்றைக் கண்டால் குறித்துவைத்துச் சொல்லுங்கள். “சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ” என்று மறைக்க வேண்டாம். அளவைத் திருத்துவதற்கு அச்செய்தி அவர்களுக்குத் தேவை.

வேறு மருந்துகள் எதையும் கேளாமல் சேர்க்காதீர்கள். பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் இட்ராகோனசோல், வொரிகோனசோல் போன்றவை வின்கிரிஸ்டினை உடலில் தங்கச் செய்து நரம்புக் கேட்டை மிகுவிக்கும். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின் இம்மருந்தின் வலிமையைக் குறைக்கக்கூடும். உறவினர் அன்போடு கொண்டுவரும் நாட்டு மருந்தையும் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிகிச்சைக் காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், இரவாயினும் ஞாயிறாயினும் அந்நேரமே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். காய்ச்சல் மாத்திரை கொடுத்து விடியட்டும் என்று காத்திருந்து இழந்த குழந்தைகள் பலர். வெள்ளணு குறைந்த எலிகளுக்கு நேர்ந்ததை மேலே சொன்னேன். குழந்தைக்கும் தொற்றே பெரும் பகை.

மருந்து ஏறிய பின் சுமார் 48 மணி நேரம் குழந்தையின் சிறுநீர், மலம், வாந்தி ஆகியவற்றில் மருந்தின் கூறுகள் இருக்கலாம். அவற்றைத் துடைப்போர் கையுறை அணிக. கழிப்பறையில் இருமுறை நீர் ஊற்றுக. கறைபட்ட துணிகளைத் தனியே துவைத்திடுக. கருவுற்ற தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் இவ்வேலையை மற்றவரிடம் விட்டுவிடுதல் நன்று. இதனால் குழந்தையைத் தொடவோ அணைக்கவோ தயங்க வேண்டாம். அணைப்பதால் கேடில்லை.

இறுதியாக, சிகிச்சையை நடுவில் நிறுத்தாதீர்கள். குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் இரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை மருத்துவம் தேவை. சில திங்களில் குழந்தை நலமுற்றதுபோல் ஓடியாடும். மாட்டை விற்றும் நகையை அடகு வைத்தும் செலவழித்த குடும்பம், “இனிப் போதும்” என்று எண்ணுவது அவ்வேளையில்தான். மறைந்திருக்கும் புற்றணுக்கள் தலைதூக்குவதும் அவ்வேளையில்தான். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சேவையும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் ஏழைக் குடும்பங்களுக்கென்றே உள்ளன. பணத்துக்காக நிறுத்த எண்ணும் முன், மருத்துவமனையில் இதைப் பற்றியும் கேளுங்கள்.

பங்கு மக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்முள் நோயுற்ற குடும்பம் ஒன்று இருந்தால் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறோம், செபிக்கிறோம். இவை நல்லவையே. அவற்றோடு, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் மருந்து ஏறும் நாளில் அவர்களோடு செல்வாரானால் அது பேருதவி. வின்சென்ட் தே பவுல் சபையினரும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், நம் குடும்பங்களில் செவிலியராகப் பணிபுரியும் பெண்களும் இதைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளலாம். குறிப்பேட்டைப் பிடித்துக்கொண்டு அருகே ஒருவர் நின்றாலே அத்தந்தைக்கு வாய் திறக்கும்.

நம் மருத்துவர்களும் செவிலியர்களும் ஒரு நாளில் எத்தனையோ உயிர்களைத் தாங்கிக் களைத்திருப்பவர்கள். பணிவோடு கேட்கப்படும் வினாவை அவர்கள் அவமதிப்பாகக் கொள்வதில்லை. நல்ல மருத்துவர் அதை வரவேற்பார். குரலை உயர்த்த வேண்டாம். குற்றம் சாட்டவும் வேண்டாம். “டாக்டர், இது இரத்தக் குழாயில் போடுற மருந்துதானுங்களே?” என்று நம் ஊர் மரியாதையோடு கேளுங்கள். விடை தெளிவாக வராவிட்டால், தாளைப் பார்த்துச் சொல்லும்படி இன்னொரு முறையும் கேளுங்கள்.